பத்து எம்எம் பதில்கள்

ஆயுத பூஜை நெருங்குகிறது. இந்த வாரம் வந்த கடிதங்களில் கிரீஸ் கறை கொஞ்சம் தூக்கல். ஆகவே, ஸ்பேனர் ஸ்பெஷல்!

கேள்வி: ஞாயிற்றுக்கிழமையானால் என் வீட்டுக்காரர் வண்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். ஆயுத பூஜைக்கு அவருக்குச் சொல்லாமல் ஒரு சாக்கெட் செட் வாங்கித் தர ஆசை. எதைப் பார்த்து வாங்குவது?
– ஓர் இல்லத்தரசி, சின்னமனூர்

பதில்: கடைக்குப் போவதற்கு முன் வாசலுக்குப் போங்கள். அங்கே என்ன வண்டி நிற்கிறதோ அதுதான் உங்கள் பட்டியல். சாக்கெட்டின் முதுகில் ஒரு சதுர ஓட்டை இருக்கும். அதன் அளவைத்தான் ‘டிரைவ்’ என்பார்கள். கால் அங்குலம், சின்னச் சின்ன போல்ட்டுகளுக்கு. 3/8 அங்குலம் பைக்குக்கு. அரை அங்குலம் காருக்கும் சக்கர நட்டுக்கும். முக்கால் அங்குலம் டிராக்டருக்கும் லாரிக்கும். ஸ்பிளெண்டரும் எக்ஸ்எல்லும் நிற்கிற வாசலுக்கு முக்கால் அங்குலப் பெட்டியை வாங்கி வந்தால், அதைத் தூக்கிவைக்கவே இன்னோர் ஆள் வேண்டும்.

அடுத்து, அவர் தூங்கும்போது பழைய ஸ்பேனர் டப்பாவைத் திறங்கள். எந்த ஸ்பேனரின் வாய் தேய்ந்து பளபளக்கிறதோ, அந்த அளவு அவருக்கு அன்றாடம் வேண்டும். எந்த எண் வரிசையில் இல்லையோ, அது அவசரமாக வேண்டும். குறித்துக்கொண்டு டப்பாவை இருந்தபடியே மூடிவிடுங்கள். அடுக்கிவைத்துவிட்டால் மாட்டிக்கொள்வீர்கள்!

கேள்வி: 108 பீஸ் பெட்டி, 24 பீஸ் பெட்டி. இரண்டும் ஒரே விலை என்கிறார் கடைக்காரர். எது லாபம்?
– கணக்குப் பார்க்கும் தங்கை, உத்தமபாளையம்

பதில்: 108, அர்ச்சனைக்கு நல்ல எண். அந்தப் பெட்டியைத் திறந்து எண்ணிப் பாருங்கள். ஸ்க்ரூ டிரைவர் முனைகள் ஒரு வரிசை, எல்-கீ ஒரு கொத்து, எதற்கென்றே தெரியாத கிளிப்புகள் ஒரு பை. சாக்கெட் என்று சொல்லத்தக்கது கால்வாசி தேறினால் அதிர்ஷ்டம். விலை ஏறாமல் எண்ணிக்கை மட்டும் ஏறினால், இரும்பின் தரம் எங்கோ இறங்கியிருக்கிறது.

1920இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஜோசப் ஜான்சன் என்பவர் 5 கைப்பிடிகளும் 10 சாக்கெட்டுகளும் செய்தார். எந்தக் கைப்பிடியிலும் எந்தச் சாக்கெட்டையும் மாட்டலாம். ஐம்பது ஸ்பேனர் செய்யும் வேலை பதினைந்து துண்டுகளில் முடிந்தது. ஸ்னாப்-ஆன் நிறுவனம் அப்படித்தான் பிறந்தது. சாமான்களைக் குறைக்க வந்த சரக்கை 108 ஆக்கியது வியாபாரிகளின் கைங்கரியம். 24 பீஸையே வாங்குங்கள்.

கேள்வி: அந்த 24இல் என்னென்ன கட்டாயம் இருக்க வேண்டும்?
– அதே தங்கை, அதே ஊர்

பதில்: 8, 10, 12, 13, 14, 17, 19 எம்எம் சாக்கெட்டுகள். ஒரு ராட்செட், அதாவது பல்சக்கரம் வைத்த கைப்பிடி. நீளம் கூட்ட இரண்டு எக்ஸ்டென்ஷன் ராடு, குட்டையாக ஒன்று, நெட்டையாக ஒன்று. இறுகிப்போன நட்டுக்கு ஒரு ‘டி’ கைப்பிடி. ஸ்பார்க் பிளக் சாக்கெட் பெட்டியில் இல்லாவிட்டால் தனியாக வாங்குங்கள். பைக்கோ காரோ, பிளக்கின் தலை 16, 18, 21 என்று வண்டிக்கு வண்டி மாறும். அளவைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். உள்ளே ரப்பரோ காந்தமோ இருக்கும் சாக்கெட்டாக இருந்தால் பிளக்கைக் கவ்விக்கொண்டு வெளியே வரும். இல்லாவிட்டால் வண்டியைக் கவிழ்த்துத்தான் எடுக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் திராட்சைத் தோட்டத்தில் புல் வெட்டும் மிஷின் இருக்கிறது. பைக் பிளக் சாக்கெட் அதற்குச் சேரவில்லையே?
– விதையில்லாத் திராட்சைக்காரர், ஓடைப்பட்டி

பதில்: சேராது. அந்தச் சின்ன டூ-ஸ்ட்ரோக் என்ஜின்களில் பெரும்பாலும் பிளக்கின் தலை 19 எம்எம். மிஷின் வாங்கியபோது ‘எல்’ வடிவத்தில் ஒரு குழாய்ச் சாவி கொடுத்திருப்பார்களே, அதுதான் இது. அதைத் தொலைத்துவிட்டீர்கள் என்பது உங்கள் கேள்வியிலேயே தெரிகிறது. கொஞ்சம் உயரமான 19 எம்எம் சாக்கெட் ஒன்று வாங்கி, மிஷின் கைப்பிடியிலேயே கட்டித் தொங்கவிடுங்கள்.

கேள்வி: எல்லா அளவும் இருக்கும், 10 எம்எம் மட்டும் எப்போதும் காணாமல் போகிறது. ஏன்?
– தேடிக்கொண்டிருப்பவர், சீலையம்பட்டி

பதில்: உலகத்து மெக்கானிக்குகள் எல்லோரும் ஒரே குரலில் கேட்கும் கேள்வி இது. 6 எம்எம் கனமுள்ள போல்ட்டின் தலை பெரும்பாலும் 10 எம்எம்தான். பேட்டரி டெர்மினல், சைடு கவர், ஏர் ஃபில்டர் டப்பா என்று எங்கு பார்த்தாலும் அந்த போல்ட்டு. அதிகம் கைக்கு வருவது அதிகம் தொலைகிறது. பரிசோடு தனியாக இரண்டு 10 எம்எம் சேர்த்துக் கொடுங்கள். விலை சொற்பம், வாழ்த்து ஆயுசுக்கும்!

கேள்வி: என் மைத்துனர் பெட்டியில் 12 இருக்கிறது, 13 இல்லை. என் பெட்டியில் 13 இருக்கிறது, 12 இல்லை. யார் ஏமாந்தது?
– புல்லட் வைத்திருப்பவர், தேவாரம்

பதில்: யாரும் ஏமாறவில்லை, குலம் வேறு. 8 எம்எம் கனமுள்ள போல்ட்டுக்கு ஜப்பான்காரர்கள் 12 எம்எம் தலை வைப்பார்கள். ஐரோப்பியர்கள் 13 வைப்பார்கள். ஹோண்டா, யமஹா, சுசுகி வழி வந்த வண்டிகளுக்கு 8, 10, 12, 14, 17 என்ற வரிசை போதும். புல்லட், டாடா, மகிந்திரா வந்தால் 13 வேண்டும். 12 எம்எம் தலையில் 13ஐ மாட்டித் திருகாதீர்கள். மூலை மழுங்கும். அப்புறம் அந்த போல்ட்டை எடுக்க வெல்டிங் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

கேள்வி: ஆறு மூலையா, பன்னிரண்டு மூலையா? கடையில் இரண்டையும் காட்டிக் குழப்புகிறார்கள்.
– குழம்பியவர், மார்க்கையன்கோட்டை

பதில்: ஆறு. ஆறு மூலைச் சாக்கெட் நட்டின் தட்டையான பக்கங்களைப் பிடிக்கும். பன்னிரண்டு மூலை, நட்டின் முனைகளுக்கு அருகே பிடிக்கும். வயல் சேற்றில் ஓடி, துரு ஏறி, ஏற்கெனவே அரைகுறையாக மழுங்கிய நட்டில் பன்னிரண்டைப் போட்டால் வழுக்கிவிடும். இடுக்கான இடத்தில் ஸ்பேனரைக் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பி மாட்டுவதற்குப் பன்னிரண்டு வசதிதான். ஆனால் உங்களிடம் ராட்செட் இருக்கிறதே! 72 பல் ராட்செட், 5 டிகிரி அசைந்தாலே அடுத்த பல்லைப் பிடித்துவிடும். 24 பல்லுக்கு 15 டிகிரி வேண்டும். ஆகவே, மூலை ஆறு, பல் 72.

கேள்வி: சனிக்கிழமை இரும்பு வாங்கக் கூடாது என்கிறார் மாமியார். எனக்கோ சனிக்கிழமைதான் லீவு.
– மருமகள், குச்சனூர்

பதில்: சனீஸ்வரரைப் பக்கத்து வீட்டுக்காரராகக் கொண்ட ஊரிலிருந்து வரும் கேள்வி! சனிக்கிழமை கடைக்குப் போங்கள். பாருங்கள், திருகுங்கள், விலை பேசுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்காரர் அசந்த நேரத்தில் வாங்கிவிடுங்கள். ஏற்கெனவே பார்த்துவைத்த பொருளுக்குப் பத்து நிமிடம் போதும். மாமியாரும் ஜெயித்தார், நீங்களும் ஜெயித்தீர்கள்.

கேள்வி: பெட்டி மேல் ‘குரோம் வனேடியம்’ என்று பொறித்திருக்கிறது. நம்பலாமா?
– சந்தேகப் பேர்வழி, கோம்பை

பதில்: எழுத்துப் பொறிக்க வனேடியம் தேவையில்லை, அச்சு இருந்தால் போதும். நீங்களே சோதியுங்கள். வீட்டிலிருந்து 10, 14 எம்எம் தலையுள்ள மழுங்காத போல்ட்டு ஒவ்வொன்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். சாக்கெட்டை மாட்டி இப்படியும் அப்படியும் ஆட்டுங்கள். லொடலொடவென்றால் வைத்துவிட்டு வாருங்கள். ராட்செட்டில் சாக்கெட்டை மாட்டித் தலைகீழாகப் பிடியுங்கள். தானாக விழக் கூடாது. திசை மாற்றும் குமிழைப் பத்துத் தடவை மாற்றிப் பாருங்கள். முலாம் உரிந்திருக்கிறதா, ஒவ்வொரு சாக்கெட்டிலும் அளவும் தயாரிப்பாளர் பெயரும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியில் மட்டும் பெயர் இருந்து சாக்கெட்டில் இல்லை என்றால், உடைந்தபின் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

வெளிநாட்டுச் சரக்குதான் வேண்டும் என்பதில்லை. பஞ்சாபின் ஜலந்தரும் லூதியானாவும் கைக்கருவிக்குப் பேர்போன ஊர்கள். தபாரியா கம்பெனி நாசிக்கில் செய்கிறது. பேர் சொல்லத் தயங்காத கம்பெனி, பில் கொடுக்கத் தயங்காத கடை: இந்த இரண்டும் போதும்.

கேள்வி: தலைதீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு மோதிரத்துக்குப் பதிலாகச் சாக்கெட் செட் கொடுக்கலாமா?
– மாமனார், கூடலூர்

பதில்: மாப்பிள்ளை மெக்கானிக் ஆசைக்காரர் என்றால் மனத்துக்குள் துள்ளுவார். சம்பந்தியம்மாள்தான் பெட்டியைத் திறந்து மோதிரம் தேடுவார். இரண்டையும் கொடுத்துவிடுங்கள். வண்டியில் கைவைக்கும்போது மோதிரத்தைக் கழற்றச் சொல்லுங்கள். பேட்டரி முனையில் ஸ்பேனரும் மோதிரமும் சேர்ந்து பட்டால், நொடியில் பழுத்து விரலைச் சுட்டுவிடும். இது விளையாட்டில்லை.

கேள்வி: மொய் நோட்டில் இதை எப்படி எழுதுவது?
– மொய் எழுதுபவர், கம்பம்

பதில்: “சாக்கெட் செட் 1, டிரைவ் அரை அங்குலம்.” அளவையும் எழுதிவிடுங்கள். திருப்பிச் செய்யும்போது கால் அங்குலம் வந்தால் பஞ்சாயத்தாகிவிடும்.

கேள்வி: ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் பழைய ஜீப் என்னுடையது. சில நட்டுக்கு எம்எம் சேருகிறது, சிலதுக்குச் சேரவே இல்லை. என் மகன் எனக்கு எந்த செட் வாங்கித் தர வேண்டும்?
– மேட்டு ரோட்டு டிரைவர், கம்பம்

பதில்: உங்கள் வண்டிக்கு இரண்டு தாய்மொழி. 1940களின் கடைசியில் மகிந்திரா இங்கே பூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பின் வாரிசு அது. அமெரிக்கப் பிறப்பு என்பதால் அந்த வழி வந்த பாகங்களில் அங்குல அளவு. பின்னாளில் வந்த பியூஜோ வழி டீசல் என்ஜினில் மெட்ரிக் அளவு. கீழே அங்குலம், மேலே எம்எம் என்று கலந்து கிடக்கும்.

சில அளவுகள் ஒத்துப்போகும். முக்கால் அங்குலம் என்பது 19.05 எம்எம், 19 சாக்கெட் போதும். 5/16 என்பது 7.94, எட்டு எம்எம் சேரும். அரை அங்குலம் 12.7 எம்எம். அதில் 13ஐப் போட்டு அழுத்தினால் மழுங்கும். 9/16 என்பது 14.29. அதில் 14 நுழையாது, 15 ஆடும். ஆகவே மகனிடம் சொல்லுங்கள்: முழு எம்எம் செட் ஒன்று, கூடவே 7/16, 1/2, 9/16, 5/8 அங்குலச் சாக்கெட் தனித்தனியாக நான்கு.

கேள்வி: தாத்தாவின் ஆயில் என்ஜின் ஸ்பேனரில் ‘டபிள்யூ’ என்று போட்டிருக்கிறது. 1/4 என்கிறது, ஆனால் வாய் அதைவிடப் பெரிதாக இருக்கிறதே?
– பேரன், எரசக்கநாயக்கனூர்

பதில்: தாத்தா பொய் சொல்லவில்லை. அது 1841இல் இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் வகுத்த மரை முறை. அதில் ஸ்பேனர் மேல் இருக்கும் எண் போல்ட்டின் கனத்தைச் சொல்லும், தலையின் அகலத்தைச் சொல்லாது. புது சாக்கெட் செட் அந்த என்ஜினுக்குச் சேராது. தாத்தாவின் ஸ்பேனரை எடைக்குப் போடாதீர்கள்.

கேள்வி: ராட்செட்டின் பின்பக்கம் ஒரு பட்டன் இருக்கிறதே, அமுக்கினால் சாக்கெட் கழன்று விழுகிறது. யார் மூளை?
– பிளஸ் டூ மாணவர், பண்ணைப்புரம்

பதில்: உங்களைவிட ஓரிரு வயது மூத்த பையனின் மூளை. அமெரிக்காவில் சியர்ஸ் என்ற பெரிய கடையில் விற்பனையாளராக இருந்த பீட்டர் ராபர்ட்ஸ், 18 வயதில் இதைக் கண்டுபிடித்தார். எண்ணெய்க் கையோடு சாக்கெட்டை இழுத்து இழுத்து அலுத்துப்போனவர்களுக்கு ஒரு விரலே போதும் என்றாயிற்று. 1965இல் காப்புரிமை கிடைத்தது. பெரிய விற்பனை இருக்காது என்று சொல்லி, சியர்ஸ் 10,000 டாலருக்கு அதை எழுதி வாங்கிக்கொண்டது. ராட்செட்டோ மலைமலையாக விற்றது. பையன் கோர்ட்டுக்குப் போனார். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்து, 1989இல் 82 லட்சம் டாலரில் சமரசமானது. பாடம் ஒன்று: ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, பத்திரத்தைப் படித்துக் கையெழுத்துப் போடவும் தெரிய வேண்டும்.

கேள்வி: நட்டு அசையாவிட்டால் ராட்செட்டில் பைப்பைச் சொருகி மிதிக்கிறார் என் அண்ணன். சரியா?
– தம்பி, காமாட்சிபுரம்

பதில்: அண்ணன் மிதிப்பது நட்டை அல்ல, ராட்செட்டின் பல்லை. உள்ளே இருக்கும் சின்னப் பல்சக்கரம் வேகத்துக்காகச் செய்தது, முரட்டுத்தனத்துக்கு அல்ல. இறுகிய நட்டுக்கு முதலில் துரு எண்ணெய் அடித்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். பிறகு ‘டி’ கைப்பிடியோ நீளமான பிரேக்கர் பாரோ போட்டு அசைத்துவிட்டு, தளர்ந்தபின் ராட்செட். தாளிப்புக்கு முன் பருப்பு வேக வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: கார் வைத்திருக்கிறேன். குடும்பத்தோடு மேகமலை போகப் போகிறேன். டார்க் ரெஞ்ச் அவசியமா?
– ஆசிரியர், சின்னமனூர்

பதில்: சக்கரத்தை நீங்களே கழற்றி மாட்டுகிறவர் என்றால் அவசியம். கார் சக்கர நட்டுக்குப் பொதுவாக 90 முதல் 110 நியூட்டன் மீட்டர் முறுக்கு கேட்பார்கள். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று கையேட்டில் இருக்கும். 30 செ.மீ. கைப்பிடியில் சுமார் 30 கிலோ எடையை வைத்து அழுத்தினால் 90 வரும். கைக்கணக்கில் ஒருவர் குறைப்பார், ஒருவர் கூட்டுவார். குறைந்தால் நட்டு தளரும், கூடினால் மரை இழுபடும். நட்டுகளை வட்டமாக வரிசையில் முடுக்காமல், ஒன்றுக்கு எதிரே ஒன்றாக முடுக்குங்கள். 50, 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி பாருங்கள். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்கு முன்பே பார்த்துவிடுவது உத்தமம்.

இரண்டு கட்டளைகள்: டார்க் ரெஞ்சால் நட்டைக் கழற்றாதீர்கள். வேலை முடிந்ததும் அளவைக் கீழே இறக்கிவைத்து மூடுங்கள். இன்னொன்றும் உண்டு, அது உயிர் விஷயம்: வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே படுக்காதீர்கள். பரிசுப் பணத்தில் மிச்சம் இருந்தால் முதலில் ஜாக்கி ஸ்டாண்டு.

கேள்வி: பேட்டரியில் ஓடும் இம்பாக்ட் கன் வாங்கினேன். வீட்டில் இருக்கும் வெள்ளிச் சாக்கெட்டைப் போடலாமா?
– ஆர்வக்கோளாறு, வீரபாண்டி

பதில்: கூடாது. கை வேலைக்கான குரோம் சாக்கெட் அடி தாங்காமல் வெடித்துச் சிதறலாம். கன்னுக்கென்றே கறுப்புச் சாக்கெட் உண்டு. கனமான சுவர், பெரும்பாலும் குரோம் மாலிப்டினம். அதோடு ஒரு கண்ணாடி. கண்ணுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் விற்பதில்லை.

கேள்வி: எங்கள் ஊரில் தேங்காய் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. ராட்செட்டுக்கு அதையே விடலாமா?
– தென்னந்தோப்பு உரிமையாளர், சுக்காங்கல்பட்டி

பதில்: தலைக்குத் தேய்த்துக்கொள்ளுங்கள். 24, 25 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். ஹைவேவிஸ் மலைக் குளிரில் வண்டி நின்றால் ராட்செட்டின் நாக்கும் நின்றுவிடும். தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். சாக்கெட்டுகளை வேலை முடிந்ததும் துணியால் துடைத்து வைத்தாலே துரு அண்டாது.

கேள்வி: என் கணவர் மாட்டி முடித்தபின் எப்போதும் நாலு நட்டு மிஞ்சுகிறது. சாக்கெட் செட்டால் இது தீருமா?
– கவலையுடன், முத்துலாபுரம்

பதில்: தீராது, இன்னும் சீக்கிரமாக மிஞ்சும். செட்டோடு ஒரு காந்தத் தட்டும் வாங்குங்கள். கழற்றுவதற்கு முன் செல்போனில் ஒரு படம், கழற்றும் வரிசையில் நட்டுகளைத் தட்டில் அடுக்குதல்: இந்தப் பழக்கம் வந்துவிட்டால் மிஞ்சாது. அதுவரை பின்சீட்டில் உட்காராதீர்கள்.

கேள்வி: வீட்டில் உட்கார்ந்து வண்டி பிரிப்பவன் என்ன சாதிக்கப் போகிறான்?
– கடுப்பில் இருக்கும் அப்பா, போடி

பதில்: கோயம்புத்தூர் பக்கம் கலங்கலில் 1893இல் பிறந்த ஒருவர், வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கினார். ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அதையே விலைக்கு வாங்கினார். வாங்கியதும் முழுக்கப் பிரித்து, மறுபடி பூட்டினார். 1920இல் பொள்ளாச்சி – பழனி தடத்தில் ஒரே ஒரு பஸ்ஸோடு தொழில் தொடங்கினார். அவர்தான் ஜி.டி. நாயுடு. உங்கள் பையன் அடுத்த நாயுடு ஆவார் என்று நான் ஜாமீன் தர மாட்டேன். ஆனால் திட்டுவதற்கு முன், பிரித்ததைத் திரும்பப் பூட்டுகிறாரா என்று பாருங்கள். பூட்டினால் செட் வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: எல்லோரும் அப்பாவுக்கு, மாப்பிள்ளைக்கு, கணவருக்கு என்றே கேட்கிறார்கள். என் ஸ்கூட்டியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன்!
– ஒரு கல்லூரி மாணவி, தேனி

பதில்: உங்களுக்கு 3/8 அங்குல டிரைவ், 72 பல் ராட்செட், நீளமான எக்ஸ்டென்ஷன் ஒன்று. ஸ்கூட்டரில் பிளாஸ்டிக் மூடிகளுக்குப் பின்னால்தான் எல்லாமே ஒளிந்திருக்கும், நீளம் உதவும். பெட்டி மேல் உங்கள் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிவிடுங்கள். அண்ணன் தம்பி இருந்தால் பூட்டும் போடுங்கள்.

கேள்வி: இரவல் கேட்டால் கொடுக்கலாமா?
– தாராள மனசு, கோட்டூர்

பதில்: பெட்டியோடு கொடுத்தால் பெட்டியோடு வரும். ஒற்றைச் சாக்கெட்டாகக் கொடுத்தால் ஞாபகம் மட்டும் மிஞ்சும்.

கேள்வி: இவ்வளவும் படிக்க எனக்கு நேரமில்லை. சுருக்கமாகச் சொல்லுங்கள்.
– அவசரக்காரர், சின்னமனூர்

பதில்: வாசலில் நிற்கும் வண்டிக்குச் சேருகிற ஆறு மூலைச் சாக்கெட் பத்து, நல்ல ராட்செட் ஒன்று, எக்ஸ்டென்ஷன் இரண்டு, பிளக் சாக்கெட் ஒன்று, உபரியாக 10 எம்எம் இரண்டு. பெட்டியை அவரிடம் கொடுங்கள். பில்லை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அளவு சேராவிட்டால் மாற்ற வேண்டியது நீங்கள்தான்.